வாட்டு வாசலில் ஒரு நிபந்தனை

தாதியர் பயிற்சிக்குச் சேர்ந்த பிள்ளை நோயாளியின் கட்டிலருகே போகுமுன் இன்னின்ன தடுப்பூசிகளை ஏற்றியிருக்க வேண்டும், அதற்குச் சான்றும் காட்ட வேண்டும் என்பது இன்று பல நாடுகளிலும் உள்ள வழக்கம். ரொறன்ரோவில் படிக்கும் நம் பிள்ளைகளிடம் கட்டம் கட்டமாகப் போட்ட படிவத்தைக் கொடுத்து, மருத்துவரின் ஒப்பத்தோடு வா என்கிறார்கள். லண்டனில் இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். இலங்கையிலும் ஊசி ஏற்றாதவர் ஊசி பிடிக்கக்கூடாது என்பதே பொதுவான பேச்சு. நியாயமான நிபந்தனையா என்று கேட்டால் பெரும்பாலானோர் யோசிக்காமலே ஆம் என்பார்கள். யோசித்த பிறகும் அப்படிச் சொல்லமுடியுமா என்று பார்ப்போம்.

இதை எடைபோட நான் ஈச்சிலம்பற்று என்ற ஊரை எடுத்துக்கொள்கிறேன். ஒரு விதியின் தரம், அதற்குச் சுலபமாகக் கட்டுப்படக்கூடியவர்களிடம் தெரியவராது. கொழும்பில் பிறந்து, ஒரே வீட்டில் வளர்ந்து, அலுமாரியில் எல்லாப் பத்திரமும் பத்திரமாக இருக்கும் பிள்ளைக்கு எந்த நிபந்தனையும் நியாயமாகவே படும்.

திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடி ஈச்சிலம்பற்று. கொட்டியாரக் குடாவையும் மூதூரையும் தாண்டி, மகாவலியின் கிளையான வெருகல் ஆறு கடலோடு சேரும் பக்கம். இன்று தாதியர் பயிற்சியில் இருக்கும் வயதினர் ஏறத்தாழ 2003க்கும் 2006க்கும் இடையில் பிறந்தவர்கள். அந்த ஆண்டுகளில் இந்த ஊர் என்ன பட்டது என்பது தெரிந்ததே. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை கரையோரத்தைத் துடைத்தது. 2006 யூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டதில் தொடங்கிய சண்டை, அப்போது விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த ஈச்சிலம்பற்றை ஊரோடு கிளப்பியது. சனம் தெற்கே வாகரைக்குப் போனது. 2007 தை மாதம் வாகரையும் இராணுவத்திடம் வீழ, அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்கள். பிறகுதான் ஊர் திரும்பல்.

இந்தக் காலக்கணக்கை நாட்டின் நிர்ப்பீடனத் திட்டத்தின் கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1978இல் தொடங்கிய விரிவாக்கப்பட்ட நிர்ப்பீடனத் திட்டத்தில் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 2003இலிருந்து படிப்படியாகச் சேர்க்கப்பட்டது. சின்னமுத்து ஊசி 1984இலிருந்து உண்டு. 2001இலிருந்து மூன்று வயதில் சின்னமுத்தும் ருபெல்லாவும் சேர்ந்த ஊசி. கூகைக்கட்டையும் சேர்த்த மும்மை ஊசி 2011 ஒக்டோபரில்தான் வந்தது. ஆக, 2004இல் ஈச்சிலம்பற்றில் பிறந்த ஒரு பெண்பிள்ளையை எண்ணிக்கொண்டால், அவளுடைய கைக்குழந்தைப் பருவத்து ஊசிகள் ஆழிப்பேரலையை ஒட்டியும், மூன்று வயது ஊசி முகாம் வாழ்வை ஒட்டியும் வருகின்றன. இன்றைக்கு உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்துத் தேறி, மட்டக்களப்புக்கோ வேறெங்குமோ தாதியர் பயிற்சிக்குப் போகும் அவளிடம், சிறுவயதுத் தடுப்பூசிப் பதிவைக் கொண்டு வா என்கிறார்கள் என்று வையுங்கள்.

அம்மாமார் 'கிளினிக் கொப்பி' என்று சொல்லும் அந்தச் சுகாதார விருத்திப் பதிவேட்டை, சொப்பிங் பைக்குள் சுற்றி, இடுப்பில் செருகி, வாகரை வரைக்கும் காப்பாற்றிக்கொண்டு போன தாய்மார் இருந்திருப்பார்கள். கைக்குழந்தையையும் ஒரு பானை அரிசியையும் தவிர வேறொன்றையும் தூக்க முடியாதவர்களும் இருந்திருப்பார்கள். இரண்டாவது வகைத் தாயின் மகள் ஊசி ஏற்றாதவள் என்று எவரும் முடிவுகட்ட முடியாது. இலங்கையின் தடுப்பூசி வரலாறு போரிலும் அறுந்துவிடவில்லை. இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்துக்காக 1995 முதல் அரசும் புலிகளும் குறித்த நாட்களில் துப்பாக்கிகளை நிறுத்திவைத்தார்கள். உலகில் மிகச் சில போர்களிலேயே அப்படி நடந்திருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தர்கள் முகாம்களிலும் வேலைசெய்தார்கள். ஆகவே கொப்பி இல்லாதது எதையும் நிரூபிக்காது. கொப்பி இருப்பது எதை நிரூபிக்கிறது என்பது அடுத்த கேள்வி. அதற்கும் விடை நாம் நினைப்பதைவிடச் சிறியது.

ஹெபடைட்டிஸ் பியில் தொடங்குவோம். ஈரலைத் தின்னும் இந்த வைரசு இரத்தத்தாலும் உடல் திரவங்களாலும் பரவுவது. தாதியருக்கு அது வரும் முக்கிய வழிகளில் ஒன்று: நோயாளிக்குக் குத்திய ஊசி தன் விரலிலும் குத்திக்கொள்வது. தடுப்பூசி இல்லாத ஒருவருக்கு, வைரசு உள்ள இரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு, நோயாளியின் நிலையைப் பொறுத்து, நூற்றுக்கு ஆறிலிருந்து முப்பது வரை. எச்.ஐ.வி.யில் அதே விபத்தின் வாய்ப்பு ஆயிரத்துக்கு மூன்று. எச்.ஐ.வி. என்றால் பதறும் நாம் ஹெபடைட்டிஸ் பி என்றால் 'செங்கமாரிதானே' என்று விட்டுவிடுவது கணக்குத் தெரியாமையால்.

தடுப்பூசியின் பலனிலும் சந்தேகத்துக்கு இடமில்லை. அமெரிக்காவில் 1983இல் சுகாதாரப் பணியாளர் சுமார் 17,000 பேருக்கு இத்தொற்று ஏற்பட்டதாக மதிப்பிட்டிருந்தார்கள். 1995இல் அது சுமார் 400. தடுப்பூசியோடு கையுறைப் பழக்கமும் ஊசிகளைக் கையாளும் முறையும் மாறியதும் காரணமே; ஆனாலும் முதல் பங்கு தடுப்பூசிக்குத்தான். அங்கேயும் தொடக்கத்தில் பணியாளர்கள் தயங்கினார்கள் என்பதை நினைவிற்கொள்வது நல்லது. 1981இல் அனுமதி பெற்ற முதல் ஊசி மனித இரத்தத் திரவத்திலிருந்து எடுத்தது. எயிட்ஸ் அச்சம் தலைதூக்கிய நேரம் அது. 1986இல் மரபணு முறையில் செய்த ஊசி வந்த பின்னும் தயக்கம் முழுவதும் போகவில்லை. 1991இல் அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிர்வாகம் ஒரு விதி போட்டது. அதைக் கவனமாகப் பாருங்கள்: இரத்தத்தோடு புழங்கும் ஊழியர் ஒவ்வொருவருக்கும் வேலை தொடங்கிப் பத்து வேலைநாட்களுக்குள் ஹெபடைட்டிஸ் பி ஊசியை இலவசமாகக் கொடுக்க முன்வருவது முதலாளியின் கடமை. ஊழியர் வேண்டாமென்றால் ஒப்பமிட்டு மறுக்கலாம். பிறகு மனம் மாறினால் அப்போதும் இலவசம்.

கட்டாயம் அங்கே முதலாளியின் மேல்தான் விழுகிறது. இந்தியத் தாதியர் பேரவையும் இதே பக்கமாகத்தான் சாய்கிறது. மாணவர்களுக்குக் கல்லூரி ஏற்பாடு செய்யவேண்டிய சுகாதார வசதிகளின் வரிசையில், ஆண்டுதோறும் உடற்பரிசோதனைக்கு அடுத்ததாக, ஏற்புவலிக்கும் ஹெபடைட்டிஸ் பிக்கும் தடுப்பூசியைக் குறிப்பிடுகிறது. கல்லூரி செய்யவேண்டியதாக எழுதப்பட்ட காரியம், சேர்க்கைக் கடிதத்தில் இறங்கும்போது மாணவி செய்துகொண்டு வரவேண்டியதாக மாறிவிடுகிற ஆபத்து எங்கும் உண்டு. அமெரிக்க விதியிலேயே ஒரு பெரிய ஓட்டை: அது ஊழியருக்குத்தான், சம்பளம் வாங்காத மாணவருக்கு அல்ல. ஊசி பிடிக்கப் பழகாத கை யாருடையதோ அவருக்குத்தான் பாதுகாப்புக் குறைவு.

கொப்பிக்குத் திரும்புவோம். நம் ஈச்சிலம்பற்றுப் பெண்ணிடம் கொப்பி இருக்கிறது, அதில் மூன்று தவணையும் ஒழுங்காகப் பதியப்பட்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது அவளுடைய இரத்தத்தில் பிறபொருளெதிரியை அளந்தால் என்ன கிடைக்கும்? கைக்குழந்தையாக இருக்கும்போது ஊசி பெற்றவர்களில் பெருந்தொகையானோருக்குப் பதினெட்டு இருபது வயதாகும்போது அந்த அளவு, பாதுகாப்பின் எல்லையாகக் கொள்ளப்படும் மில்லிலீற்றருக்கு 10 மில்லி அலகுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. பயப்பட ஒன்றுமில்லை, உடலின் நினைவு பெரும்பாலும் இருக்கிறது, ஒரு தவணை கொடுத்தால் எகிறி எழும். ஆனால் எழுமா என்பதை ஒரு தவணை கொடுத்து, ஒன்றிரண்டு மாதம் கழித்து அளந்தால்தான் தெரியும். வளர்ந்த பிறகு மூன்று தவணை ஏற்றியவர்களிலும் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்குப் பிறபொருளெதிரி போதிய அளவு உருவாவதில்லை. இவர்கள் அட்டையில் 'பூர்த்தி' என்று இருக்கும், உடம்பில் இருக்காது.

எனவே ஹெபடைட்டிஸ் பியைப் பொறுத்தவரை பத்திரச் சான்று கேட்பது பாதி வேலை. பத்திரம் இல்லாதவளை வெளியே நிறுத்துகிறது. பத்திரம் இருந்தும் பாதுகாப்பு இல்லாதவளை உள்ளே விடுகிறது. ஒரே சல்லடை இரண்டு பக்கமும் தவறவிடுகிறது என்றால் சல்லடையில்தான் கோளாறு.

கால அட்டவணையும் இடிக்கிறது. வழக்கமான மூன்று தவணைகள் முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று போகின்றன. இளம் வயதினரில் முதல் தவணைக்குப் பின் மூன்றிலொரு பங்கினருக்கோ சற்று அதிகமானோருக்கோ பாதுகாப்பு. இரண்டாவதற்குப் பின் ஏறத்தாழ முக்கால்வாசி. மூன்றாவதற்குப் பின் பத்துக்கு ஒன்பதுக்கு மேல். 'பூர்த்தியான பிறகே வாட்டு' என்று எழுதினால், சேர்ந்த அன்றே ஊசி தொடங்கினாலும் அரையாண்டு போகும். மாணவி சேர்ந்து இரண்டு மாதம் கழித்துத்தான் கல்லூரி நினைவூட்டுகிறது என்றால் அவள் பயிற்சியில் பின்தங்குவாள். அந்தப் பின்தங்கலுக்குக் காரணம் அவள் அல்ல.

என் தீர்ப்பின் முதல் பகுதி இங்கே வருகிறது. ஹெபடைட்டிஸ் பிக்கு 'வருமுன் முடித்துக்கொண்டு வா' என்ற நிபந்தனை நிராகரிக்கப்பட வேண்டியது. சேர்க்கைக் கடிதத்தோடேயே, மாணவியின் சொந்த ஊர்ச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு ஒரு கடிதமும் போகவேண்டும். முதல் தவணை அங்கேயே, ஈச்சிலம்பற்றிலேயே, காசில்லாமல். இரண்டு தவணை ஆகும்வரை ஊசியும் இரத்தமும் தொடாத வேலைகள்: கட்டில் விரிப்பு, உணவூட்டல், காய்ச்சல் பார்த்தல், குறிப்பெழுதல். மூன்றாவது தவணையும் அளவீடும் கல்லூரியின் பொறுப்பில். கொப்பி உள்ளவளுக்கு ஒரு தவணையும் அளவீடும் போதும். மூன்றையும் திரும்ப ஏற்றுவது ஊசிக்கும் கைக்கும் வீண்.

இதற்குச் செலவாகும் என்பார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு எப்படி இருந்தது என்பதை நாடு மறக்கவில்லை. வாதம் வெறும் சாக்கு அல்ல. ஆனால் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி கைக்குழந்தைகளுக்காக ஏற்கெனவே நாடெங்கும் குளிர்ச்சங்கிலியில் ஓடிக்கொண்டிருக்கும் மருந்து. ஆண்டொன்றுக்குச் சேரும் தாதிய மாணவர் தொகை அந்த ஓட்டத்தில் மிகச் சிறிய பங்கு. இரத்தப் பரிசோதனைதான் உண்மையான செலவு. அதை மாணவியின் தலையில் போட்டால் ஈச்சிலம்பற்றிலிருந்து திருகோணமலைக்கோ மட்டக்களப்புக்கோ பஸ் ஏறி, தனியார் ஆய்வுகூடத்துக்குக் காசு கட்டி, முடிவுக்கு இன்னொரு நாள் போய்வரவேண்டும். வயல் கூலியிலும் மீன்பிடியிலும் ஓடும் வீட்டுக்கு அது சிறு தொகையல்ல. கல்லூரி ஒரே நாளில் எல்லோருக்கும் இரத்தம் எடுத்து மாவட்டப் பொது வைத்தியசாலை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் அதே காரியம் மிகச் சுருங்கிவிடும்.

இனிச் சின்னமுத்து. என் கணிப்பில் நிபந்தனையின் உண்மையான அறநெறி வலு இதில்தான் இருக்கிறது, ஹெபடைட்டிஸில் அல்ல. எல்லோரும் இரண்டையும் தலைகீழாக எடைபோடுகிறார்கள் என்பதே என் முறைப்பாடு.

ஹெபடைட்டிஸ் பி ஊசி முக்கியமாக ஏற்றுபவளையே காக்கிறது. தொற்றுள்ள தாதியிடமிருந்து நோயாளிக்குப் பரவுவது மிக அரிது. அது நடந்த சம்பவங்கள் பெரும்பாலும் சத்திரசிகிச்சை நிபுணர்களையும் பல்வைத்தியர்களையும் பற்றியவை. தன்னை மட்டும் காக்கும் ஒன்றை வளர்ந்த பெண் ஒருத்தி தெளிவாகப் புரிந்துகொண்ட பின்னும் மறுத்தால், அவளைப் படிப்பிலிருந்தே விலக்க என்ன நியாயம்? அமெரிக்க விதியின் மறுப்புப் படிவம் அந்த இடத்தில் நேர்மையானது. மறுப்பவள் ஊசி குத்திக்கொண்டால் விபத்துக்குப் பின்னான இம்யூனோகுளோபுலின் 24 மணிநேரத்துக்குள் கிடைப்பது நல்லது. வெருகல் பக்கத்தில் அது சுலபமான காரியமல்ல. இதை அவளுக்குச் சொல்லவேண்டும். நேராகச் சொன்னால் மறுப்பவர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

சின்னமுத்து அப்படியல்ல. காற்றில் பரவுவது, நோயாளி அறையைவிட்டுப் போன பின்னும் இரண்டு மணிநேரம் வரை காற்றில் நிற்கக்கூடியது. தோலில் பொரி காணுமுன் நான்கு நாட்களாகவே அது பிறருக்குத் தொற்றும். அதாவது, நோய் தனக்கு வந்திருப்பதே தெரியாமல் ஒரு மாணவி காலையில் சிறுவர் வாட்டிலும் மாலையில் பிரசவ வாட்டிலும் நின்றிருப்பாள். இலங்கையில் முதல் சின்னமுத்து ஊசி ஒன்பது மாதத்தில். அதற்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு ஊசியால் வந்த பாதுகாப்பு எதுவும் இல்லை. தாயிடமிருந்து கிடைத்ததும் மாதக்கணக்கில் கரைந்துவிடும். 2013–14 பரவலில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் வளர்ந்தவர்களும் பெரிதாகப் பாதிக்கப்பட்டார்கள். அதன்பின் நிலைமை சீர்பட்டு, 2019இல் சின்னமுத்தை ஒழித்த நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குக் கொடுத்தது. 2023இல் நோய் திரும்பி வந்தது. சான்றிதழ் நாட்டுக்குத்தான், வாட்டுக்கு அல்ல.

கட்டிலில் கிடக்கும் நான்கு மாதக் குழந்தைக்குத் தன் தாதியைத் தெரிவுசெய்யும் உரிமை கிடையாது. தாதியாக வரத் தெரிவுசெய்தவள் மாணவி. இந்தச் சமமின்மை போதும் என்பேன். இந்திய உச்ச நீதிமன்றம் 2022 மே 2இல் ஜேக்கப் புலியேல் வழக்கில் சொன்னதும் இதற்கு முரணல்ல: எவரையும் வற்புறுத்தி ஊசி ஏற்ற முடியாது, ஆனால் பிறருக்கு உண்டாகும் ஆபத்துக்கு ஏற்ற அளவில் கட்டுப்பாடு விதிக்கலாம். 'ஏற்ற அளவில்' என்பதுதான் உயிர்நாடி. பிறரைக் காக்கும் ஊசியில் கட்டாயம் வலுப்பெறுகிறது. தன்னை மட்டும் காக்கும் ஊசியில் தளர்கிறது.

சான்று கேட்கும் முறையும் இங்கே வேறாக வேண்டும். சின்னமுத்து, ருபெல்லா ஊசியை ஏற்கெனவே பெற்றவருக்கு மறுபடி ஏற்றினால் கெடுதியில்லை. எனவே கொப்பியும் வேண்டாம், பரிசோதனையும் வேண்டாம். பத்திரம் இல்லாதவருக்கு 28 நாள் இடைவெளியில் இரண்டு தவணை கொடுத்துவிட்டால் காரியம் ஒரு மாதத்தில் முடிந்தது. ஹெபடைட்டிஸில் அளக்காமல் விட்டால் அரைவேலை. சின்னமுத்தில் அளப்பதே வெட்டிவேலை.

ஒரு நுணுக்கம். 2004இல் பிறந்த நம் பெண் நாட்டின் அட்டவணைப்படி ஓர் ஊசிகூடத் தவறாமல் பெற்றிருந்தாலும், 'மும்மை ஊசி இரண்டு தவணை' என்ற கட்டத்தை அவளால் நிரப்ப முடியாது. மும்மை ஊசி இங்கே வந்தபோது அவளுக்கு ஏழு வயது. அந்த அட்டவணையின் வயதுகளைத் தாண்டிவிட்டாள். அவளிடம் இருப்பது சின்னமுத்து ஒன்று, சின்னமுத்து–ருபெல்லா ஒன்று. கனடாவுக்கோ இங்கிலாந்துக்கோ போன ஈழத்துப் பிள்ளைகள் படிவத்தின் இந்த இடத்தில் திணறுவது அவர்களுடைய தாய்மாரின் கவனக்குறைவால் அல்ல. வெளிநாட்டுப் படிவத்தை அப்படியே பார்த்தெழுதும் தனியார் பயிற்சி நிறுவனங்கள் நம் நாட்டிலும் தோன்றினால், நாட்டின் அட்டவணையையே கேலிசெய்யும் நிபந்தனையாக அது ஆகிவிடும்.

இன்னொன்று, வெளியில் அதிகம் பேசப்படாதது. இந்த ஊசி உயிருள்ள வைரசைக் கொண்டது. கர்ப்பிணிக்கு ஏற்றக்கூடாது, ஏற்றிய பின் ஒரு மாதம் கர்ப்பம் தரிக்காமல் இருக்கவேண்டும். ஆகவே ஏற்றுமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதை மண்டபத்தில் வரிசையில் நிற்க வைத்து, சக மாணவியர் காதுபட, ஆண் உத்தியோகத்தர் ஒருவர் உரத்த குரலில் கேட்டால், கலியாணம் ஆனவளும் ஆகாதவளும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். அந்தப் பதிலில் மருத்துவப் பயன் எதுவும் இல்லை. திரை மறைவில் ஒரு மேசை போடச் செலவாகாது.

கொப்புளிப்பானுக்கு வருவோம். ஊரில் 'அம்மாள்' என்றால் போதும். வெப்பநாடுகளில் இது குழந்தைப் பருவத்தில் எல்லோருக்கும் வந்து முடிவதில்லை. குளிர்நாடுகளைவிட இளம் வயதில் பாதுகாப்பற்று இருப்போர் அதிகம். கர்ப்பிணிக்கும் பிறந்த சிசுவுக்கும் புற்றுநோயாளிக்கும் இது விளையாட்டு நோயல்ல. தடுப்பூசி உண்டு, ஆனால் இலங்கையின் தேசியத் திட்டத்தில் இல்லை, தனியாரிடம் காசுக்கு வாங்கவேண்டும், அதுவும் இரண்டு தவணை. அரசே தன் பிள்ளைகளுக்குக் கொடுக்காத ஊசியை ஏழை மாணவியிடம் நிபந்தனையாகக் கேட்பது நியாயமாகாது. கல்லூரி வாங்கிக் கொடுக்கட்டும், இல்லையேல் வேறு வழி பார்க்கட்டும். வழி இருக்கிறது: தாயைக் கேட்பது. வேப்பிலை செருகிய வீட்டைப் பற்றி அயலே அறியும். மகளுக்கு அம்மாள் வந்து இறங்கியதை எந்தத் தாயும் மறப்பதில்லை. வெளிநாட்டில் பிறந்து வளர்ந்தவர் சொல்லும் இந்த வரலாற்றை இங்கிலாந்தின் வழிகாட்டி முழுதாக நம்புவதில்லை, இரத்தம் பார்க்கச் சொல்கிறது. வேறு பொரிநோய்களோடு குழம்பும் வாய்ப்பு இருப்பதால் அது முற்றிலும் அநியாயமும் அல்ல. வரவில்லை என்று சொல்பவளைச் சிசுப் பராமரிப்புப் பிரிவுக்கும் புற்றுநோய் வாட்டுக்கும் அனுப்பாமல் விடலாம். மற்ற இடங்களில் அவள் படிக்கட்டும்.

காசநோய், இன்புளுவன்சா, கோவிட் மூன்றையும் சுருக்கமாகவே சொல்கிறேன். இலங்கையில் பிறந்தவுடனேயே பி.சி.ஜி. போடுகிறார்கள், அது பெரியவர்களின் நுரையீரல் காசத்தை நம்பகமாகத் தடுப்பதில்லை, தோல் பரிசோதனையையும் குழப்பும். தழும்பு பார்ப்பது சடங்கு. இன்புளுவன்சா ஊசியை ஆண்டுதோறும் ஏற்றவேண்டும். நல்லது, ஆனால் படிப்பைத் தடுக்கும் நிபந்தனையாக ஆக்க வலுப் போதாது. கோவிட்டுக்கு 2021 சனவரி 29இல் இங்கு ஊசி தொடங்கியபோது முதலில் பெற்றவர்கள் சுகாதாரப் பணியாளர்கள்தான். இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியதும் முதல் தவணை பெற்ற இலட்சக்கணக்கானோர் இரண்டாவதற்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்த வேளையில் 'இரண்டும் ஏற்றினாயா' என்று கேட்டிருந்தால் அதற்கு யார் பொறுப்பு? இங்கிலாந்து தன் சுகாதாரப் பணியாளருக்கு 2022 ஏப்ரல் 1 முதல் கட்டாயம் என்று அறிவித்து, அந்த நாள் வருமுன்னே, மார்ச் 15இல் விதியை மீளப்பெற்றது. புதிய திரிபின் முன் ஊசி பரவலைத் தடுக்கும் ஆற்றல் குறைந்துவிட்டது. தாதியர் பற்றாக்குறையில் அவர்களை வெளியேற்றுவது நோயாளிக்கே தீங்கு. மூன்றுமே நிபந்தனைப் பட்டியலிலிருந்து நீங்கவேண்டியவை, ஆலோசனைப் பட்டியலில் இருக்கலாம்.

பாதுகாப்புப் பற்றிய ஐயத்தை முன்வைப்பவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. 2008 ஏப்ரலில் ஐந்துநோய் ஊசி பெற்ற சில குழந்தைகள் இறந்தபோது இலங்கை அதை நிறுத்தியது. சர்வதேச நிபுணர்கள் ஆராய்ந்த பின் 2010இல்தான் மீண்டும் தொடங்கியது. 2009 சனவரியில் மாத்தறையில் ருபெல்லா ஊசி பெற்ற பாடசாலை மாணவி ஒருத்தி இறந்தாள். அந்தச் செய்தியைக் கேட்டு வளர்ந்த பெற்றோருக்கு அச்சம் இருப்பது இயல்பு. நிறுத்தினார்கள், விசாரித்தார்கள், மீண்டும் தொடங்கினார்கள் என்பதைச் சொல்வதே அந்த அச்சத்துக்கு மறுமொழி. ஏற்றியபின் குறைந்தது இருபது நிமிடம் மாணவியை அங்கேயே இருத்தி வைப்பதும், ஒவ்வாமைக்கான அட்ரினலின் மேசையில் தயாராக இருப்பதும் அதன் செயல் வடிவம். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் ஊசி முகாம் வைக்கும் கல்லூரிக்கு நிபந்தனை போடும் தகுதி இல்லை.

மிஞ்சுவது ஒரு கடினமான இடம். பரிசோதித்ததில் மாணவிக்கு ஏற்கெனவே ஹெபடைட்டிஸ் பி இருப்பது தெரியவந்தால்? இலங்கையில் இத்தொற்று குறைவு, ஆனால் இல்லாமலில்லை. பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கலாம். அவள் குற்றம் ஏதுமில்லை. இத்தகைய மாணவியை வெளியேற்றுவதற்காகத்தான் பரிசோதனை என்றால், பரிசோதனைக்கு வர மற்றவர்களும் அஞ்சுவார்கள். அமெரிக்காவில் நியூ ஜேர்சி மாநில மருத்துவப் பல்கலைக்கழகம் ஹெபடைட்டிஸ் பி உள்ள இரண்டு விண்ணப்பதாரரைச் சேர்க்க மறுத்தது. நீதித் திணைக்களம் தலையிட, 2013இல் அந்தப் பல்கலைக்கழகம் அவர்களைச் சேர்க்கவும் இழப்பீடு கொடுக்கவும் உடன்பட்டது. அதற்கு முந்திய ஆண்டே அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம், தொற்றிருப்பதைக் காரணமாக வைத்து மருத்துவ, பல்வைத்திய மாணவரின் படிப்பைத் தடுக்கக்கூடாது, வெட்டும் வேலைகளில் மட்டும் இரத்தத்தில் வைரசின் அளவைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று எழுதியிருந்தது. தாதியப் பயிற்சியில் அப்படிப்பட்ட வெட்டும் வேலை அநேகமாக இல்லவே இல்லை.

ஈச்சிலம்பற்றுப் போன்ற சிறு ஊரில் 'அந்தப் பிள்ளைக்கு இரத்தத்தில் ஏதோவாம்' என்ற ஒரு வரி போதும், கலியாணப் பேச்சுக்கூட நின்றுவிடும். ஆகவே அளவீட்டு முடிவு கல்லூரி அலுவலகத்துக்கு எண்ணாகப் போகக்கூடாது; 'வாட்டுக்குத் தகுதி' என்ற ஒரு சொல்லாக மட்டுமே போகவேண்டும். எண் மாணவிக்கும் அவளைப் பார்க்கும் வைத்தியருக்கும் உரியது. தொற்றிருப்பவளுக்கு ஈரல் சிகிச்சை நிலையத்துக்கு வழிகாட்டி, பயிற்சியில் அவளை வைத்திருக்கவேண்டும். இந்த ஒன்றில் தவறும் கல்லூரிக்குப் பரிசோதனை நடத்தும் உரிமையைக் கொடுக்க நான் தயாரில்லை. அந்தக் கல்லூரி எல்லோருக்கும் ஊசியை மட்டும் ஏற்றிவிட்டு இரத்தம் பாராமல் இருப்பதே மேல், எதிர்ப்பு உருவாகாத பத்தில் ஒருத்தி தெரியாமல் போவாள் என்றாலும்.